டைல்ஸை வெட்டுவதில்லை, உடைக்கிறோம்

டைல்ஸ் 'வெட்டுறோம்'னு சொல்றோமே, கைக்கட்டர் எதையும் அறுப்பதில்லை. மேலே ஒரு கோடு கீறும். பிறகு அந்தக் கோட்டில் உடைக்கும். கண்ணாடிக்கு இந்த முறை முன்பே இருந்தது: எஃகுச் சக்கரக் கட்டருக்கு அமெரிக்காவில் சாமுவேல் மான்ஸ் 1869-இல் காப்புரிமை பெற்றார். தரை ஓட்டுக்கு அது வந்தது 1951-இல். பார்சிலோனா பக்கத்து ரூபி நகரில் போவாடா சகோதரர்கள் கைக்கட்டரைச் செய்தார்கள். அன்று அவர்கள் உடைக்க வேண்டியிருந்தது தடித்த சிமெண்ட் ஓடு, நம்ம ஆத்தங்குடிக் கல்லின் இனம்.

இன்றைய போர்சலின் டைல்ஸ் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது, அவ்வளவு இறுக்கம். அதனால் டங்ஸ்டன் கார்பைடு சக்கரம் வேணும். பெரிய டைல்ஸுக்கு அடியில் முழு நீளத்துக்கும் சமமான தாங்கல் கொடுத்து, ஒரே அழுத்தத்தில், ஒரே தடவை கீறணும். அதே கோட்டில் மறுபடி ஓட்டினால் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும்.

'எதுக்கு இந்தப் பாடு, கிரைண்டர் இருக்கே'ன்னு கேட்கலாம். காய்ந்த டைல்ஸை கிரைண்டரில் அறுத்தால் கிளம்புவது சிலிக்கா தூசி. வருஷக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. மூலை வெட்டுக்கு கிரைண்டர் தேவைதான், ஆனா தண்ணி விட்டு அறுக்கணும். நேர்வெட்டுக்கு அந்த 1951 யோசனையே போதும்: ஓரமும் சுத்தம், கொத்தனாரின் நுரையீரலும் பிழைக்கும்.