ஐயப்பெயர் பெற்ற கடலுயிர்

மன்னார்க் குடாவின் முத்துச் சலாபங்கள் பண்டுதொட்டே புகழ் பெற்றவை. ஆயினும் 1891ஆம் ஆண்டின் பின்னர் பல்லாண்டுகளாக அங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பார்களில் இளஞ்சிப்பிகள் தோன்றும். முற்றி விளையுமுன் மறைந்துபோகும். அரசாங்கம் வருவாயை இழந்தது. குளியாளர் பிழைப்பை இழந்தனர். இதன் காரணத்தை ஆராயும் பொறுப்பு லிவர்ப்பூலைச் சேர்ந்த பேராசிரியர் ஹேர்ட்மனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஜேம்ஸ் ஹோர்னெல் என்னும் உதவியாளருடன் இலங்கைக்கு வந்தார்.

சிப்பியை மட்டும் ஆராய்ந்தால் சிப்பியின் அழிவு விளங்காது. கடலடியில் அதனோடு வாழும் உயிர்கள் அனைத்தையும் அறிதல் வேண்டும். இந்நோக்குடனேயே அவர்கள் இலங்கைக் கடல்களில் வாரியெடுத்த உயிர்கள் பேணப்பட்டு, துறைதோறும் வல்லுநரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவற்றுள் அம்பிப்போடா என்னும் சிற்றுயிர்க் கூட்டம் ஆல்பிரட் வோக்கரிடம் சேர்ந்தது.

இவை இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவான ஓட்டுடலிகள். பெரும்பாலானவை ஓர் அங்குலத்திற்கும் குறைந்தவை. பக்கங்களில் ஒடுங்கிய உடலும் காம்பில்லாத கண்களும் உடையவை. பெண் உயிர் தன் முட்டைகளை மார்பின் கீழுள்ள பையில் வைத்துக் காக்கும். கரையொதுங்கிய பாசியைப் புரட்டினால் துள்ளியோடுபவற்றிற் பல இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே.

இத்துணைச் சிறிய உயிரை வகுப்பது எவ்வாறு? உணர்கொம்பு, பற்றுங்கால், வாயுறுப்பு, வால்நுனித் தகடு ஆகியவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் ஊசியாற் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைந்து, முன்னர் எழுதப்பட்ட விவரணங்களோடு ஒப்பிடல் வேண்டும். நெருங்கிய உறவுள்ள இனங்கள் ஒரு சாதியாகவும், சாதிகள் ஒரு குடும்பமாகவும் தொகுக்கப்படும். பழைய சாதி எதனுள்ளும் அடங்காத உயிர் ஒன்று கிடைக்கும்போதே இடர் தோன்றுகிறது. அதனைப் பழைய சாதியுள் வலிந்து புகுத்தினால் உண்மை உறவு மறையும். எளிதாகப் புதுச் சாதி அமைத்தால் வெறும் பெயர்களே பெருகும்.

வோக்கர் இவ்விடரை எதிர்கொண்டார். 1904ஆம் ஆண்டில் வெளியான தம் அறிக்கையில் புதிய சாதியொன்றை நிறுவி, ஹோர்னெல்லின் நினைவாக அதற்கு ‘ஹோர்னெல்லியா’ எனப் பெயரிட்டார். இனத்துக்கு அவர் சூட்டிய பெயர் ‘இன்சேர்ட்டா’. உறுதியற்றது என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். சாதியைத் துணிந்து நிறுவியவர், ஐயத்தையும் அதன் பெயரிலேயே பொறித்து வைத்தார்.

முத்து வளமோ நிலைக்கவில்லை. 1903ஆம் ஆண்டில் குளிப்பு மீண்டும் தொடங்கிப் பெரும்பொருள் ஈட்டித் தந்தது. 1906ஆம் ஆண்டில் கம்பெனியொன்று பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. அடுத்த ஆண்டின் பின் சிப்பிகள் மீண்டும் மறைந்தன, கம்பெனி நட்டமடைந்தது.

சிற்றுயிரின் பெயரோ நின்று நிலவிற்று. இச்சாதியின் பிற இனங்கள் புளோரிடா போன்ற தூரக் கடல்களிலும் கண்டறியப்பட்டன. நெடுங்காலம் வேறு குடும்பங்களோடு சேர்த்தெண்ணப்பட்ட இச்சாதிக்கு, 2010ஆம் ஆண்டில் ‘ஹோர்னெல்லியிடே’ என்னும் தனிக்குடும்பம் வகுக்கப்பட்டது. நூற்றாறு ஆண்டுகளின் பின் அவ்வாறு வகுக்க முடிந்தமைக்குக் காரணம், வோக்கர் கண்டதை விளக்கமாக எழுதியும் வரைந்தும் வைத்தமையாகும். பின்வருவோர் திருத்துதற்கு இடமளித்து எழுதப்பட்ட அறிவே நெடுங்காலம் பயன் தருகின்றது.