வத்திராயிருப்பு தந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள அவ்வூர் இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கல்லூரிப்படிப்பும் முடித்து, 1920இல் கல்கத்தா சென்றார். அங்கே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி. வி. ராமனோடு ஆய்வில் இறங்கினார்.

திரவங்களில் ஒளி சிதறும் விதமே ஆய்வுப் பொருள். தூசு கலந்தால் முடிவு பிழைக்கும் என்பதால் திரவத்தை முதலில் வாலைவடித்துத் தூய்மையாக்க வேண்டும். 1928 பிப்ரவரியில், சூரிய ஒளியை ஒரு நிற வடிகட்டி வழியே திரவத்தில் பாய்ச்சினர். அந்த வடிகட்டி தடுத்த நிறத்தை மட்டுமே விடும் வேறொரு வடிகட்டி வழியே, சிதறிய ஒளியைப் பார்த்தனர். நிறம் மாறாதிருந்தால் எதுவும் தெரியக் கூடாது. மங்கலான ஒளி தெரிந்தது. சுமார் அறுபது திரவங்களில் இதே விளைவு கிடைத்தது. மூலக்கூறை அதிரச் செய்வதில் ஒளி தன் ஆற்றலில் ஒரு பங்கை இழப்பதால் நிறம் மாறுகிறது. மார்ச் 31 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் வந்த முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கிருஷ்ணன், படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, இழையின் மேல்முனையை மெல்ல முறுக்குவது அவர் வகுத்த முறை. படிகம் சமநிலையிலிருந்து ஏறத்தாழ 45 பாகை திரும்பியதும் சட்டென்று புரளும். அதுவரை ஏறிய முறுக்கிலிருந்து, திசைக்குத் திசை படிகத்தின் காந்த ஏற்புத்திறன் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிடலாம். நாப்தலீன் போன்ற படிகங்களுக்குள் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்பதை இந்த அளவீடுகளைக் கொண்டு அறிய முடிந்தது.

1933இல் கல்கத்தா திரும்பி மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். 1940இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பொறுப்பையும், 1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் பொறுப்பையும் ஏற்றார். 1948இல் அமைந்த அணுசக்தி ஆணையத்தில் ஹோமி பாபா தலைவர்; கிருஷ்ணனும் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் உறுப்பினர்கள். 1946இல் சர் பட்டமும், 1954இல் பத்ம பூஷணும், 1958இல் முதல் பட்நாகர் விருதும் அவருக்குக் கிடைத்தன. ஆய்வக இயக்குநராக இருக்கும்போதே 1961 ஜூனில் காலமானார்.