தலைநகரைக் கட்டிய அரசாங்க ஊழியர்

ஒரு தலைநகர் யாருக்காக எழுப்பப்பட்டது என்பதை அதன் வீதிகளே சொல்லிவிடும். 1911 இறுதியில் டில்லியைத் தலைநகராக்குவதென அறிவித்த பிரித்தானியர், 1931 இல் புதுடில்லியைத் திறந்து வைத்தனர். லட்யன்சும் பேக்கரும் வகுத்த அந்நகரிலே குன்றின்மேல் வைசிராய் மாளிகை. அதனைச் சூழ உத்தியோகப் படிமுறைப்படி வீடுகள். உத்தியோகம் தாழத் தாழ வளவு சுருங்கும். மாளிகைக்கும் வீட்டுக்கும் இடைத்தூரம் நீளும். சாதியொழுங்கைக் குடியிருப்பின் ஒழுங்கிலேயே கண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இது விளங்காததன்று.

இத்தகைய நகரைக் குடியரசுக்குரியதாக்கும் பணியில் ஈடுபட்டோருள் ஹபீப் ரஹ்மானை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். 1915 இல் கல்கத்தாவிற் பிறந்தவர். சிப்பூரிலே பொறியியல் பயின்று, 1944 இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக் கலையில் முதுமாணிப் பட்டம் பெற்றார். புகழ்பெற்ற வால்ட்டர் குரோப்பியசிடமும் பணியாற்றினார். அங்கேயே தங்கிப் பொருளீட்டியிருக்கலாம். அவரோ 1946 இல் தாயகம் மீண்டு வங்க அரசாங்கச் சம்பளத்துக்கு அமர்ந்தார். (பரதக்கலை பயின்ற நர்த்தகி இந்திராணி இவருடைய மனைவி, அவர் பிறந்த ஊர் சென்னை.) பராக்பூரில் கங்கைக் கரையிலே, கோயிற் சிகரமும் கவிமாடமும் சிலுவையும் ஓருருவாய் இணைய, 1949 இல் காந்தி நினைவுச் சின்னத்தை எழுப்பினார். அதனைக் கண்டு மகிழ்ந்த நேரு அவரைத் தலைநகருக்கு அழைத்தார். 1953 இல் ரஹ்மான் மத்திய பொதுவேலைப் பகுதியிற் சேர்ந்தார்.

அக்காலத்துப் புதுடில்லியில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. சுதந்திர நாட்டின் காரியாலயங்களைக் கொங்கிறீற்றாற் கட்டி, உச்சியிலே மொகலாயர் காலத்துச் சிறு மண்டபங்களை முடியாகச் சூட்டினர். பழமையை ஒட்டவைத்தாற் சுதேசியமாகிவிடும் என்ற எண்ணம்! ரஹ்மானுக்கு இதில் உடன்பாடில்லை. வெயிலைத் தடுக்கும் மறைப்பு, காற்றோட்டம், சிக்கனம் ஆகியவையே அவருக்கு அலங்காரம். பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்நகர் புகும் அல்லைப்பிட்டியார் கண்டு பழகிய பொதுநூலகமும் கவிமாடம் தாங்கியதே. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் ஆக்கம். 1959 இல் திறக்கப்பட்டு, 1981 இல் எரியூட்டப்பட்டுப் பின்னர் மீண்டெழுந்தது. அந்தக் கவிமாடத்தை நாம் குறைசொல்ல மாட்டோம். ஆயினும் ரஹ்மானின் கேள்வியிலும் நியாயம் உண்டு.

அவருடைய எளிமையும் எப்போதும் வென்றுவிடவில்லை. தாகூர் நூற்றாண்டையொட்டி எழுந்த ரவீந்திர பவனத்துக்கு அவர் வரைந்த முதற் படத்தில் தாகூரின் சாயலே இல்லையென நேரு திருப்பிவிட்டார். ரஹ்மான் மறுபடியும் வரைந்தார். சரிந்த கூரை விளிம்புகளும் துளைச்சாளரங்களுமாக 1961 இல் நிமிர்ந்த அக்கட்டடம் அவருடைய ஆக்கங்களுள் மிகச் சிறந்தது என்பது நமது துணிபு. பழமையின் வேடத்தை மறுத்தவர், மரபின் பயனை ஏற்றுக்கொண்டார்.

கலைக்கூடங்களோடு அவர் நின்றுவிடவில்லை. தனித்தனி வளவுகளுக்காக வகுக்கப்பட்ட தலைநகரிலே, ராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்க ஊழியருக்கு அடுக்குமாடி வீடுகளை எழுப்பினார். ஒருவர் தலைக்குமேல் இன்னொருவர் குடியிருக்கும் வீட்டிலே வைசிராய் காலத்துத் தூரக்கணக்குச் செல்லுமா? 1970 இல் தலைமைக் கட்டடக் கலைஞராகி, 1974 இல் ஓய்வு பெற்றபின் டில்லி நகரக் கலை ஆணைக்குழுவின் செயலாளராகவும் கடமையாற்றினார்.

1995 இல் ரஹ்மான் மறைந்தார். உலக சுகாதார தாபனத்துக்காக அவர் 1962 இல் அமைத்த கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது. ரவீந்திர பவனம் நிற்கிறது. தமிழ் நூல்களைப் பிறமொழியாளரிடம் கொண்டுசெல்லும் சாகித்திய அக்கடமியின் காரியாலயம் அங்கேதான் உள்ளது.