நடுவயதின் மறதியும் களைப்பும்: வயதின் மீது பழி போடலாமா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் அழைப்பது நீண்டகால மரபு. படுவான்கரையிலுள்ள போரதீவுப்பற்றுப் பிரதேசத்தின் நிருவாக மையமாக விளங்குவது வெல்லாவெளி. வேளாண்மையையும் மாடு வளர்ப்பையும் நம்பி வாழும் இப்பகுதியில், நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் கேட்கக்கூடிய முறைப்பாடுகள் இரண்டு உண்டு. ஒன்று மறதி, மற்றையது காரணம் தெரியாத களைப்பு. வயலுக்கு இரண்டாம் தடவை யூரியா போட்டாயிற்றா இல்லையா என்பது விவசாயிக்கு நினைவில் இல்லை. வாவிக்கு அப்பால் காத்தான்குடியிலோ கல்முனையிலோ கடை வைத்திருக்கும் வியாபாரி, கொடுத்த கடனைக் கொப்பியில் எழுத மறந்து நட்டப்படுகின்றார். வீட்டுப் பெண்ணோ உறங்கி எழுந்தும் உறங்காதவர் போலவே அடுப்படிக்குச் செல்கின்றார்.

"வயது போகுதுதானே" என்ற ஒரே வசனத்துடன் பெரும்பாலும் விடயம் முடிக்கப்பட்டு விடுகின்றது. சிலர் நாவூறு பார்க்கின்றனர், சிலர் ஓதிய தண்ணீர் குடிக்கின்றனர். அவற்றைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆனால் அவற்றோடு ஒரு குருதிப் பரிசோதனையையும் செய்துகொண்டால் என்ன என்பதே எமது கேள்வியாகும். ஏனெனில் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் மறதியும் களைப்பும் சேர்ந்து வருமாயின், அதன் பின்னால் கண்டுபிடிக்கக்கூடிய, பெரும்பாலும் குணப்படுத்தவோ கட்டுப்படுத்தவோ கூடிய காரணமொன்று இருப்பதற்கான வாய்ப்பே அதிகம்.

இன்னொரு சாரார் இதற்கு நேர்மாறானவர்கள். ஒரு பெயர் மறந்துவிட்டால் போதும், மூளைத் தேய்வு நோய் வந்துவிட்டதென்று நடுங்குகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021 இல் உலகெங்கும் 5 கோடி 70 இலட்சம் பேர் முதுமை மறதி நோயுடன் வாழ்ந்தனர். 65 வயதுக்கு முன்னர் இந்நோய் தொடங்குவோர் அவர்களில் 9 வீதத்துக்கு மேற்படார். எனவே நடுவயதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதுவன்று. நாம் மறதி என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் கவனக்குறைவாகும். மனம் ஊன்றிப் பாராத ஒன்று நினைவில் பதிவதேயில்லை. பதியாத ஒன்றை மறக்கவும் முடியாது. களைத்த மூளை கவனத்தைத்தான் முதலில் இழக்கின்றது.

காரணங்களுள் முதலிடம் கொடுக்க வேண்டியது தைரொயிட் சுரப்பிக்கு. தொண்டையின் முன்புறம் வண்ணத்துப் பூச்சியின் வடிவில் அமைந்துள்ள இச்சுரப்பி உடலின் இயக்க வேகத்தைத் தீர்மானிக்கின்றது. அது மந்தமடைந்தால் எல்லாமே மந்தமடையும். சிந்தனை தாமதிக்கும், குரல் கரகரக்கும், தோல் வரளும், மலச்சிக்கல் ஏற்படும், உணவு கூடாமலே உடல் பருக்கும். மட்டக்களப்பு வெயிலிலும் ஒருவர் போர்வை தேடுவாராயின் சுற்றத்தார் கவனிக்க வேண்டும். ஆண்களைவிடப் பெண்களையே இது பல மடங்கு அதிகமாகத் தாக்குகின்றது. அயடீன் கலந்த உப்பை 1995 இல் அரசு கட்டாயமாக்கியதால் இனித் தைரொயிட் நோய் இல்லை என்று நினைப்போர் உளர். அயடீன் குறைபாட்டினால் வருவது ஒரு வகை மாத்திரமே. உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் இன்னொரு வகையை உப்பு தடுக்காது.

இதன் வைத்திய வரலாறு சுவையானது. 1891 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மறே என்ற இளம் வைத்தியர், இந்நோயால் முற்றாக மந்தமடைந்திருந்த 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஆட்டின் தைரொயிட் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். சில மாதங்களில் அப்பெண் பழைய நிலைக்குத் திரும்பினார். அதன் பின் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919 இல், 74 ஆவது வயதில் காலமானார். அவருக்காக 870 க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் பயன்பட்டனவாம். இன்று ஆடு தேவையில்லை. ரீ.எஸ்.எச். எனப்படும் ஒரு குருதிப் பரிசோதனையும், நாளொன்றுக்கு ஒரு சிறிய தைரொக்சின் மாத்திரையும் போதுமானவை. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, தேநீருக்கோ உணவுக்கோ அரை மணித்தியாலமாவது காத்திருக்க வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளை நான்கு மணித்தியாலம் தள்ளியே எடுக்க வேண்டும். ஒரு வாரத்தில் பலனில்லை என்று கைவிடுவோர் பலர். முன்னேற்றம் தெரியச் சில வாரங்கள் செல்லும் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை போலும்.

அடுத்தது குருதி. பெண்களில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும் ஆண்களில் 13 கிராமுக்கும் குறைந்தால் அது குருதிச்சோகை. மாதவிடாய் நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் இரத்தப்போக்கு மிகுந்து இரும்புச்சத்துக் கரைந்து போவது சாதாரணம். அதனை வெட்கத்தால் மறைப்பதும் சாதாரணமாகிவிட்டது. சோறு உண்ட கையோடு தேநீர் குடிக்கும் எமது வழக்கம், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றது. ஆனால் ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ குருதிச்சோகை காணப்பட்டால், இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குவதுடன் நின்றுவிடலாகாது. இரைப்பையிலோ குடலிலோ மறைவான இரத்தக் கசிவு உள்ளதா என்பதைத் தேட வேண்டும்.

விற்றமின் பீ 12 குறைந்தாலும் மறதி, சோர்வு, கால் விறைப்பு என்பன தோன்றும். மீன், முட்டை, இறைச்சி, பால், தயிர் ஆகியவற்றிலிருந்தே இது கிடைக்கின்றது. வாவி மீனும் எருமைத் தயிரும் உள்ள ஊரில் இக்குறைபாடு எப்படி வரும் என்று கேட்கலாம். நீரிழிவுக்காக ஆண்டுக் கணக்கில் எடுக்கும் மெற்போமின் மாத்திரையும், நெஞ்செரிவுக்காக வைத்தியரைக் கேளாமலே தொடரும் ஒமிப்பிரசோலும் இந்த விற்றமின் உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. அதற்காக மெற்போமினைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறு. கிளினிக்கில் விடயத்தைக் கூறிப் பரிசோதிக்கக் கேட்பதே சரி.

நீரிழிவும் தன்னளவில் ஒரு காரணமே. 2005–2006 இல் நடத்தப்பட்ட தேசிய ஆய்வொன்றில் 20 வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் தமக்கு நோய் இருப்பதையே அறிந்திருக்கவில்லை. பின்னைய ஆய்வுகள் இதனிலும் கூடிய வீதத்தையே காட்டுகின்றன.

இனி, வெல்லாவெளிக்கே உரிய ஒன்று. போரதீவுப்பற்றின் எல்லைக் கிராமங்களில் காட்டு யானைகளின் தொல்லை ஓயாதது. கதிர் முற்றும் காலத்தில் குடும்பத் தலைவர் பரணிலும், மனைவி மக்கள் வீட்டிலும் விழித்திருக்கின்றனர். யானை வெடியின் ஓசையில் கலைந்த உறக்கம் மீள்வதில்லை. பகலில் பதிந்த நினைவுகளை மூளை நிலைப்படுத்துவது உறக்கத்தின்போதே நிகழ்கின்றது. இரவுக்கிரவு நான்கு மணித்தியாலம் உறங்கி, மறுநாள் வெயிலில் நின்று மருந்தும் தெளிப்பவர் மறக்காமல் இருந்தால்தான் வியப்பு! யானை வேலியை வனசீவராசிகள் விடயமாக மாத்திரம் பார்க்கும் அதிகாரிகள், அதனைச் சுகாதார விடயமாகவும் கருதுவது நல்லது. காவலைக் கைவிடச் சொல்ல எம்மால் இயலாது. அயலவர்கள் முறை வைத்துக் காவல் காத்து, முறையில்லாத இரவுகளில் முழுமையாக உறங்குவது இயலக்கூடியது. காவல் இல்லாத நாளிலும் ஒருவர் பலத்த குறட்டையுடன் மூச்சு நின்று நின்று உறங்குவாராயின், அதை அவர் அறியார். அருகில் உறங்குபவரே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இன்று ஐம்பதுகளில் இருப்போர் 1990 இல் இளைஞர்களாகவோ பதின்ம வயதினராகவோ இருந்தவர்கள். அவ்வாண்டு இம்மாவட்டத்தின் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் ஊர்களும் ஒருங்கே இரத்தம் சிந்தின. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியது. 2007 இல் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக வாவி கடந்து இடம்பெயர்ந்தனர். எமது சமூகங்களில் மனத்துயர் அழுகையாக வெளிப்படுவதிலும் பார்க்க, தலையிடியாக, உடம்பு நோவாக, களைப்பாக, மறதியாக வெளிப்படுவதே அதிகம். பரிசோதனைகள் யாவும் சரியாக இருந்து, எதிலும் நாட்டமின்மையும் விடியற்காலை விழிப்பும் தொடருமாயின் மனச்சோர்வு நோயைக் கருத வேண்டும். அது பைத்தியமன்று. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு உண்டு. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மருந்துகளையும் மறந்துவிடக் கூடாது. தடிமனுக்கும் கடிக்கும் கடைகளில் வாங்கும் பிரிற்றன், சில உறக்க மாத்திரைகள் என்பன தொடர்ந்து பாவிக்கப்பட்டால் மூளையை மந்தப்படுத்தும். மதுவும் அவ்வாறே. கொவிட், சிக்குன்குன்யா போன்ற காய்ச்சல்களின் பின் மாதக் கணக்கில் களைப்பு நீடிப்பதும் உண்டு.

வெல்லாவெளியிலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குச் சென்று வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஆகவே முதலில் அருகிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை நாடலாம். 35 வயதைக் கடந்த பெண்களுக்கென 1996 முதல் இயங்கும் சுகவனிதையர் கிளினிக்குகளில் குருதி அமுக்கமும் நீரிழிவும் பார்க்கப்படுகின்றன. செல்லும்போது பாவிக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். மறதியுள்ளவர் தமது மறதியை முழுமையாகச் சொல்ல இயலாதென்பதால் வீட்டார் ஒருவர் உடன் செல்வது அவசியம்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்க முடியாது. பழகிய பாதையில் வழி தவறுதல், குணம் திடீரென மாறுதல், காய்ச்சலுடன் மனக்குழப்பம், விழுந்தோ மோட்டார் சைக்கிள் விபத்திலோ தலையில் அடிபட்டுச் சில வாரங்களின் பின் தோன்றும் மந்தம் என்பவற்றுக்கு அன்றே வைத்தியசாலை செல்ல வேண்டும். முகமோ கையோ ஒரு பக்கம் சோர்ந்து பேச்சும் குழறினால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

நோன்பு காலத்தில் தைரொக்சினை ஸஹருக்கு அரை மணித்தியாலம் முன்னரோ, இரவுணவு முடிந்து மூன்று மணித்தியாலத்தின் பின் உறங்கும் வேளையிலோ எடுக்கலாம். கந்தசஷ்டி விரதம் இருப்போர் வழமைபோல் அதிகாலையில் தண்ணீருடன் எடுக்கலாம். நீரிழிவு மாத்திரைகளும் இன்சுலினும் அப்படியல்ல. அவற்றின் அளவையும் நேரத்தையும் நோன்பு தொடங்க ஓரிரு மாதங்களுக்கு முன்னரே வைத்தியருடன் பேசித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.