செஞ்சியிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்?

செஞ்சிக் கோட்டைக்குள் நிற்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசல் 1717-18ஆம் ஆண்டுகளில் எழுந்தது. அக்காலத்தில் அங்குத் தொழுத ஒருவர் ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்தால், முகலாயர் காலத்து ஹாஜிகளின் தலைவாயிலாக விளங்கிய சூரத் துறைமுகத்தை நோக்கி நாட்டைக் குறுக்கே கடந்தாக வேண்டும். பிறகு பருவக்காற்றுக்குக் காத்திருந்து பாய்மரக்கப்பல் ஏற வேண்டும். வீடு திரும்புவது உறுதியில்லை என்பதால், கடன் தீர்த்து, மன்னிப்புக் கேட்டு, வஸிய்யத் எழுதிவைத்தே புறப்படுவார்கள்.

நம் பாட்டனார் காலத்தில் இரயிலும் நீராவிக் கப்பலும் வந்தன. செஞ்சியை அடுத்த அனந்தபுரம் போன்ற ஊர்களிலிருந்து ஹஜ்ஜுக்குச் செல்பவர் சென்னை வந்து, அங்கிருந்து சுமார் 1,280 கி.மீ. இரயிலில் பம்பாய் செல்ல வேண்டும். பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கடல்வழி சுமார் 2,300 கடல் மைல். பழைய கப்பல்கள் அதைக் கடக்க 12 முதல் 15 நாட்கள் எடுத்தன. யலம்லம் மலைக்கு நேராக வரும்போது பயணிகள் இஹ்ராம் அணிவார்கள். இந்தியாவிலிருந்து சென்ற இக்கப்பல் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றது.

இன்று சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தா வான்வழியே சுமார் 4,450 கி.மீ. நேரடி விமானம் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது. சவூதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்தங்கியிருப்பதால், காலை ஆறு மணிக்குப் புறப்பட்டவர் அங்கு ஒன்பதரை மணிக்கெல்லாம் இறங்கிவிடலாம். மீக்காத் எல்லையை விமானம் நொடிகளில் கடந்துவிடும் என்பதால், பலர் புறப்படும் முன்பே இஹ்ராம் அணிந்துகொள்கின்றனர்.

ஆயினும் தூரம் என்பது வானில் மட்டும் இல்லை. கொரோனாவுக்குப் பிந்தைய 2022ஆம் ஆண்டு ஹஜ்ஜில் சென்னை புறப்பாட்டு நிலையமாக இல்லை. தமிழக ஹாஜிகள் கொச்சி சென்று விமானம் ஏறினர். ஜித்தாவுக்குக் கொச்சியே ஏறத்தாழ 300 கி.மீ. அருகில் உள்ளது. ஆனால் செஞ்சிக்காரருக்குச் சென்னை விமான நிலையம் சுமார் 140 கி.மீ.; கொச்சியோ ஏறத்தாழ 500 கி.மீ. வானில் குறைந்த தூரம் சாலையில் அதைவிடக் கூடிவிட்டது. 2023இல் சென்னை மீண்டும் புறப்பாட்டு நிலையமானபோது நாம் அடைந்த நிம்மதிக்குக் காரணம் இதுவே.

சென்றுவரச் சக்தி பெற்றோர் மீதே ஹஜ் கடமை. அச்சக்தியில் வழிச்செலவையும் வாகனத்தையும் மார்க்க அறிஞர்கள் சேர்த்தே எண்ணினர். அந்தக் கணக்கு விமான நிலையத்தில் அன்று, வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. ஆகவே, நம் மஹல்லாவிலிருந்து புறப்படும் முதியவரை விமான நிலையம்வரை அழைத்துச் செல்வதும், அவருடைய பெட்டியைச் சுமப்பதும் அவரது பயணத்தில் நாம் பெறும் பங்காகும். அல்லாஹ் அனைவரின் பயணத்தையும் எளிதாக்குவானாக. ஆமீன்.