மணிலாக்கொட்டை

புதுச்சேரியின் வரலாறு என்றவுடன் தூப்ளேயின் பெயரும், 1761இல் ஆங்கிலேயர் இந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கிய செய்தியும் உங்கள் நினைவுக்கு வரும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு கைப்பிடி வேர்க்கடலை.

இப்பக்கத்தார் அதனை மணிலாக்கொட்டை என்பர். பேச்சு வழக்கில் அது மல்லாட்டை. என் பாட்டியார் பச்சைக் காயைத் தோலோடு உப்பிட்டு வேகவைத்துத் தருவார். தின்ற காலத்தில் பெயரைப் பற்றி நான் எண்ணியதே இல்லை. மணிலா பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகர். கடலையின் தாயகமோ தென் அமெரிக்கா. 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிக்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடின. அந்தக் கடல்வழியின் சுவடு நம் ஊர்ப் பேச்சில் தங்கிவிட்டது.

1814ஆம் ஆண்டு உடன்படிக்கை பிரெஞ்சுக்காரர் இங்கே கோட்டை கட்டலாகாது என்று விதித்தது. வாணிபமே எஞ்சியது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வாணிபத்தைத் தாங்கியவற்றுள் இக்கடலை முதன்மையானது. தென்னார்க்காட்டில் விளைந்தது மாட்டு வண்டிகளிலும், 1879க்குப் பின் விழுப்புரத்திலிருந்து இரயிலிலும் வந்து சேர்ந்தது. கரையோரம் பெருங்கப்பல் நெருங்க முடியாது. ஆகவே மூட்டைகளைச் சலங்குகளில் ஏற்றி, அலை கடந்து, தொலைவில் நின்ற கப்பலுக்குக் கொண்டு சென்றனர். போய்ச் சேர்ந்த இடம் மார்சேய். அங்கே அது எண்ணெயாகிப் பின் சவுக்காரமும் ஆயிற்று! நம் உணவு பிறர் கைகழுவப் போயிற்றே என்று எனக்கு வருத்தம் எழுவதுண்டு. ஆயினும் உழவன் கைக்குக் காசு வந்ததும் அந்த வாணிபத்தால்தான் என்பதை மறைக்கலாகாது.

இன்று கடைகளில் சியா என்னும் மெக்சிக்கோ விதையை உடல்நலத்துக்கென்று உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள். நல்ல விதைதான், குறை கூறுவதற்கில்லை. ஆனால் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து முன்னரே வந்து, நம் செம்மண்ணில் வேரூன்றிய கடலையை ஏன் எளிதென்று ஒதுக்க வேண்டும்? அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்கு புரதம். எண்ணெய் ஏறக்குறையப் பாதி. காலையில் இட்டலிக்குத் துவையலாகும்; மாலையில் வெல்லப்பாகில் உருண்டையாகும்.

ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டன. அதன் பின்னரே அந்த நஞ்சை அறிவியலார் கண்டறிந்தனர். என் பாட்டியாருக்கு அச்செய்தி தெரியாது. எனினும் காயை அடுப்பில் ஏற்றுமுன் முறத்தில் பரப்பி, கறுத்ததையும் சொத்தையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட்டே உலையில் இடுவார்.