கணிப்பொறி ஏறிய புள்ளிகள்

திருவள்ளூர் மாவட்டத்துப் பூவிருந்தவல்லியில், பார்வையற்ற மாணவர்க்கான அரசுப் பள்ளியும் பிரெயில் அச்சகமும் அமைந்திருக்கின்றன. அங்கே விரல்நுனிகள் வாசிக்கும் புள்ளிகள் கணிப்பொறியில் ஸ்தானம் பெற்ற வரலாறு, எழுத்தின் சரித்திரத்தில் மகத்தான ஓர் அத்தியாயமாகும்.

பிரான்ஸ் தேசத்து லூயி பிரெயில் 1829-இல் பிரசுரித்த ஆறு புள்ளி முறை, இந்தியாவில் வெவ்வேறு ரூபங்களாகச் சிதறிக் கிடந்து, 1951-இல் பாரதி பிரெயில் என்னும் பொது லிபியாக ஒருமைப்பட்டது. பின்னர், கணிப்பொறியில் எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொதுக் குறியீடாகிய யூனிகோடின் 1999-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, அந்த ஆறுடன் மேலும் இரண்டு சேர்ந்த எட்டுப் புள்ளிகளால் இயலும் 256 வடிவங்களுக்கும் தனித்தனி எண் வழங்கிற்று.

அதன் கணக்கு மிக எளிது. முதற்புள்ளிக்கு 1, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 4 என மதிப்பு இரட்டித்துச் செல்கிறது. ஆகவே ககரத்துக்குரிய முதலாம், மூன்றாம் புள்ளிகளின் தொகை 5. வரிசையின் தொடக்க எண்ணாகிய 2800-உடன் அது சேர, 2805 ஆகிறது. அவ்வடிவமே ஆங்கிலத்தில் 'கே' என்னும் எழுத்தாகவும் நிற்பதால், யூனிகோடு ஒலியை நிர்ணயிக்காமல் உருவத்தை மட்டுமே காக்கிறது. பாஷையை அறிவிக்கும் பொறுப்பு மென்பொருளைச் சார்ந்தது.

சாதனம் சித்தமாயிருக்கும் இக்காலத்தில், தமிழ் நூல் ஒவ்வொன்றையும் புள்ளி வடிவிலும் உடனுக்குடன் வெளியிடுவது பதிப்பாளரின் தர்மமாகும்.